குழலை அறுத்தால் வகை மாறும்

மங்கலம்பேட்டை, விருத்தாசலம் பக்கத்துப் பெரியவர்களுக்கு நாட்டுத் துப்பாக்கி என்றதும் நரிக்குறவர் தோளில் தொங்கிய நீளக் குழல்தான் நினைவுக்கு வரும். வாய்வழியே கரிமருந்து, அடைப்பு, அதன்மேல் ரவை என்று போட்டுக் கம்பியால் இடித்து இறுக்குவார்கள். விசையை இழுத்தால் குதிரை என்னும் சுத்தி, பொறி தரும் சிறு மூடியான கேப்பின் மேல் விழும், பொறி மருந்தைப் பற்றவைக்கும். ஒரு வெடி முடிந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ரைபிள் குழலுக்குள் திருகலாக ஓடும் வரிப்பள்ளங்கள் குண்டைச் சுழற்றி நேராக அனுப்பும். நாட்டுத் துப்பாக்கியின் குழலில் அவை கிடையாது, உட்புறம் வழவழப்பாக இருக்கும்.

இப்படியொரு துப்பாக்கிக்கு முறையான உரிமம் வைத்திருக்கும் ஒருவர், வாய் துருவேறிப் போனதென்று முனையை அறுத்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. ஆனால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, குழலைக் குட்டையாக்கவே தனி உரிமம் கேட்கிறது. துப்பாக்கி வைத்துக்கொள்ள வாங்கிய உரிமம் அதற்குச் செல்லாது. மேலும், வரிப்பள்ளம் இல்லாத குழல் 20 அங்குலத்துக்குக் கீழே போனால், 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் அதைத் தானாகவே அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகளோடு சேர்த்து முதல் வகையில் வைக்கின்றன. சட்டைக்குள் மறையும் துப்பாக்கியைக் கண்டுதான் சட்டம் அஞ்சுகிறது. அந்த அச்சம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன்.

கனடாவிலும் இதே கணக்குதான். அங்கே ரைபிளையோ ஷாட்கன்னையோ அறுத்து, மொத்த நீளம் 660 மில்லிமீட்டருக்கோ குழல் 457 மில்லிமீட்டருக்கோ குறைந்துவிட்டால் அது தடைசெய்யப்பட்ட ஆயுதம்.

2019 திருத்தம் நம் சட்டத்தை இன்னும் இறுக்கியது. ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவதும் 6ஆம் பிரிவுக்குள் வந்தது. தண்டனை குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் சிறை வரையிலும் போகலாம்.

உரிமமில்லாமல் கடையில் கிடைக்கும் ஏர்கன்னிலும் கவனம் வேண்டும். அதன் ஆற்றல் 20 ஜூலுக்குள்ளும், துளை 0.177 அங்குலத்துக்குள்ளும் இருப்பதால்தான் அந்தச் சலுகை. வலுவான ஸ்பிரிங் மாட்டி ஆற்றலை அந்த எல்லைக்கு மேல் கூட்டினால், அதே கட்டை, அதே குழல், ஆனால் உரிமம் தேவைப்படும் ஆயுதம்.

பழுது பார்ப்பதும் இதே சட்டத்துக்குள்தான் வருகிறது. 5ஆம் பிரிவின்படி அதற்கு உரிமம் பெற்றவரிடமே துப்பாக்கியைக் கொடுக்க வேண்டும். தெரிந்தவர் கேட்டாரே என்று வெல்டு வைத்துக் கொடுக்கும் ஊர்ப் பட்டறைக்காரரும் அதே 7 ஆண்டு வழக்கில் மாட்டிக்கொள்வார்.