ஹோல்டன் கமோடோர்: சாதாரணக் குடும்பத்துக்கு எட்டிய பெரிய பின்சக்கர செடான்

ஹோல்டன் கமோடோர் 1978 முதல் 2017 வரை ஆஸ்திரேலியாவில் தயாரான பெரிய குடும்பக் கார். இன்ஜின் முன்னால் இருக்கும். வண்டியைத் தள்ளுவது பின்சக்கரங்கள். 1996 முதல் 2010 வரை, தொடர்ந்து 15 ஆண்டுகள், அந்நாட்டில் மிக அதிகமாக விற்ற கார் இதுதான். உள்நாட்டில் உருவான கடைசித் தலைமுறையான வி.எஃப். 2013இல் வந்தது. அதன் அடிப்படை ரகமான ஈவோக்கின் விலை அப்போது 34,990 ஆஸ்திரேலிய டாலர். முந்தைய அடிப்படை ரகத்தைவிட 5,000 டாலர் குறைவு. இதே அளவுள்ள ஜெர்மன் பின்சக்கர செடானுக்கு இருமடங்குக்கும் மேல் கொடுக்க வேண்டியிருந்தது. இந்த விலையில் பின்சக்கர செடானாக நேர்ப்போட்டிக்கு நின்றது ஃபோர்டு ஃபால்கன் மட்டுமே.

இன்று பெரும்பாலான குடும்பக் கார்களில் இன்ஜின் குறுக்கே கிடக்கிறது. திருப்புவது, இழுப்பது ஆகிய இரண்டு வேலைகளையும் முன்சக்கரங்களே செய்கின்றன. செலவும் எடையும் இடமும் மிச்சமாகும் ஏற்பாடு அது. பின்சக்கர அமைப்பில் இன்ஜின் நீளவாக்கில் இருக்கிறது. அதன் பின்னால் கியர்பாக்ஸ், அங்கிருந்து தரைக்கடியில் ஓடும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், கடைசியில் டிஃபரென்ஷியல். அம்பாசிடரும் இந்த அமைப்பில் ஓடிய கார்தான். வேகமெடுக்கும்போது வண்டியின் பாரம் பின்னோக்கிச் சாய்வதால், விசை போகும் சக்கரங்களுக்கே சாலைப்பிடிப்பு கூடுகிறது. முன்சக்கரங்களுக்குத் திருப்பும் வேலை மட்டும் மிஞ்சுவதால் ஸ்டீயரிங்கில் முரண்டு இருக்காது. கேரவன் மாட்டி இழுத்தால் அதன் பாரத்தில் ஒரு பங்கும் பின்சக்கரங்களின் மேலேயே அழுந்தும். நெடுந்தூரச் சாலைகளும் கப்பிச் சாலைகளும் கேரவன் விடுமுறைகளும் நிறைந்த நாட்டில் இந்த அமைப்பு நிலைத்ததற்குக் காரணம் வெறும் பழக்கம் அல்ல.

முதல் கமோடோர் ஜெர்மானிய ஓப்பல் ரெகார்டை ஒட்டியும், 1997இன் வி.டி. தலைமுறை ஓப்பல் ஒமேகாவை ஒட்டியும் உருவானவை. 2006இல் வந்த வி.இ. அப்படியல்ல. 100 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு ஆஸ்திரேலியப் பொறியாளர்களே அடித்தளத்திலிருந்து வடிவமைத்த கார் அது. முன்பின் எடை சமமாக வேண்டும் என்பதற்காக பேட்டரியை டிக்கிக்குக் கொண்டுபோனார்கள். பின்புறம் பல இணைப்புகள் கொண்ட தனித்தனி சஸ்பென்ஷன். முன்பின் சக்கரங்களுக்கு இடையே 2,915 மில்லிமீட்டர் இடைவெளி. விலை உயர்ந்த கார்களுக்கு ஒதுக்கப்படும் இந்தக் கவனிப்பை அரசு அலுவலகங்களும் டாக்சிக்காரர்களும் வாங்கும் ஒரு காருக்குத் தந்ததே கமோடோரின் உண்மையான சாதனை. வி.எஃப். இதே அடித்தளத்தில் நின்றது. பானெட்டும் டிக்கி மூடியும் அலுமினியமாயின. ஸ்டீயரிங் மின்விசைக்கு மாறியது.

இந்தக் கவனிப்பின் பலன் ஓட்டும்போது தெரிகிறது. கரடுமுரடான சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்திலும் வண்டி அலைபாயாமல் பள்ளங்களை விழுங்கிக்கொண்டு போகும். வளைவில் முன்பகுதி சொன்ன இடத்தில் நிற்கும். பின்னிருக்கையில் மூன்று பெரியவர்கள் தோள் இடிக்காமல் உட்காரலாம். அடிப்படை ரகத்திலேயே பின்புறக் கேமரா, தானாகப் பார்க்கிங் செய்யும் வசதி, தொடுதிரை ஆகியவை உண்டு.

குறைகளும் தெளிவாகவே இருக்கின்றன. ஷாஃப்ட் ஓடும் மேடு தரையின் நடுவே எழும்பி நிற்பதால், பின்னால் நடுவில் உட்காருபவர் காலை அகட்டி வைக்க வேண்டும். டிக்கி 495 லிட்டர் கொள்ளும் என்றாலும் பின்னிருக்கை சாய்ந்து மடியாது. நீளமான பொருளுக்கு நடுவிலுள்ள சிறு திறப்புதான். குடும்பக் காருக்கு இது பெரிய குறை. முன்கண்ணாடியை ஒட்டிய தூண்கள் தடிமனானவை. சந்திப்புகளில் குறுக்கே வருபவரை மறைத்துவிடும்.

ஈவோக்கில் இருப்பது 3.0 லிட்டர் வி6 பெட்ரோல் இன்ஜின். 185 கிலோவாட் திறன், 290 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. 1,600 கிலோவைத் தாண்டும் வண்டிக்கு இது போதும், தாராளம் இல்லை. ஏற்றத்தில் ஆறு கியர் ஆட்டோமேட்டிக் அடிக்கடி கீழிறங்கி இன்ஜினை உறுமவிடுகிறது. நூறு கிலோமீட்டருக்கு 8.3 லிட்டர் என்பது நிறுவனக் கணக்கு, அதாவது லிட்டருக்குச் சுமார் 12 கிலோமீட்டர்; நகர நெரிசலில் அதற்கும் கீழேதான் வரும். அதிக பாரம் இழுப்பவருக்கு 3.6 லிட்டர் இன்ஜின் பொருத்தமானது.

பிற்காலத்தில் விற்பனை சரிந்தது கார் மோசமானதால் அல்ல. இறக்குமதி வரி 2010இல் 5 சதவீதமாகக் குறைந்தது. ஆஸ்திரேலிய டாலரின் மதிப்பு ஏறியதால் வெளிநாட்டுக் கார்கள் மலிந்தன. குடும்பங்கள் சிறு கார்களுக்கும் எஸ்.யூ.வி.களுக்கும் நகர்ந்தன. ஃபால்கன் தயாரிப்பு 2016 அக்டோபரில் நின்றது. அடிலெய்டை அடுத்த எலிசபெத் ஆலையில் கடைசி கமோடோர் 2017 அக்டோபர் 20 அன்று வெளிவந்தது. அடுத்த ஆண்டு அதே பெயரில் விற்கப்பட்டது ஜெர்மனியில் தயாரான, முன்சக்கர அடித்தளத்தில் அமைந்த ஓப்பல் இன்சிக்னியா. ஹோல்டன் என்ற பெயரையே கைவிடுவதாக அதன் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் 2020 பிப்ரவரியில் அறிவித்தது.

இப்போது பழைய கார் சந்தையில்தான் வி.எஃப். கிடைக்கும். அதன் வி6 இன்ஜின் குடும்பத்தின் முந்தைய மாதிரிகளில் டைமிங் செயின் நீண்டுபோகும் கோளாறு பரவலாக இருந்தது. எனவே வாங்குபவர், ஆயில் காலத்தோடு மாற்றப்பட்டதற்கான சர்வீஸ் பதிவை முதலில் கேட்க வேண்டும். பிறகு இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, முன்பக்கம் கடகடப்பு கேட்கிறதா என்று பார்க்க வேண்டும்.