வேலை தேடும் வேலை – 9: மேஸ்திரி போடும் கணக்கு

கல்வராயன் மலையில் வேலை தேடிப் போகிறவர்கள் குறைவு. அங்கே வேலைதான் ஆளைத் தேடி வரும். குச்சிக்கிழங்கு பிடுங்கி, லாரிக்காரர் கணக்கு முடித்து, பழைய கடனையும் கழித்துக்கொண்ட பிறகு வீட்டில் காசு நிற்காது. காட்டிலும் வேலை இருக்காது. அந்த நேரம் பார்த்து மேஸ்திரி வந்துவிடுவார். கேரளத்தில் மிளகு பறிக்கவோ, குடகில் காப்பித் தோட்டத்துக்கோ, எங்காவது கட்டட வேலைக்கோ ஆள் வேண்டும் என்பார். முன்பணத்தை வீட்டில் கொடுத்துவிட்டு ஆட்களை வண்டியில் ஏற்றிக்கொள்வார். எந்த வீட்டில் கல்யாணக் கடன், எந்த வீட்டுப் பையன் பிளஸ் டூவோடு நின்றுவிட்டான், எந்த மாதத்தில் ரேஷன் அரிசியை மட்டும் நம்பி அடுப்பு எரிகிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இந்தத் தொடரில் எட்டு வாரமாக நான் சொல்லிவரும் திட்டமிடலை அந்த மலையில் ஒழுங்காகச் செய்கிறவர் மேஸ்திரி ஒருவர்தான். அவர் போடும் திட்டம் அவருக்கானது என்பதுதான் சிக்கல்.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்த மலை அது. நாடு சுதந்திரம் அடைந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகு, 1976-இல்தான் முழுதாக அரசின் கைக்கு வந்தது. அதுவரை யாருக்கு எந்த வேலை என்பதை இன்னொருவர் தீர்மானிப்பதே வழக்கமாக இருந்தது. ஜாகீர் போன இடத்தில் முன்பணம் வந்து உட்கார்ந்துகொண்டது. ‘வேலை இருக்கு, வா’ என்ற ஒரு வார்த்தைக்கு எவ்வளவு விலை கொடுக்க நேரும் என்பதை 2015 ஏப்ரல் 7 காட்டியது. சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டதில் 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள். கல்வராயனிலிருந்தும் செம்மரம் வெட்டப் போய், ஆந்திரச் சிறைகளில் ஜாமீனுக்கு ஆளில்லாமல் கிடந்தவர்கள் உண்டு.

சரி, மேஸ்திரியை விட்டுவிட்டு வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ இருக்கும் ஒரு பையனோ பெண்ணோ தன் வேலையைத் தானே தேடுவதென்றால் எங்கே தொடங்குவது? பயோடேட்டாவில் தொடங்கச் சொல்வார்கள். நான் அதற்கு முன்னால் காகிதங்களைச் சேர்க்கச் சொல்வேன். சலிப்பான யோசனைதான். ஆனால் மலைக்காரர்களின் விண்ணப்பங்கள் சறுக்குகிற முதல் இடம் அது.

முதலில் சாதிச் சான்றிதழ். மற்றவர்களுக்குத் தாசில்தார் மட்டத்திலேயே முடிந்துவிடும். பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர்தான் கையெழுத்துப் போட வேண்டும். பழங்குடியினர் பட்டியலில் இந்த மலைமக்களுக்கான ‘மலையாளி’ என்ற பெயர் சில மாவட்டங்களின் பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது. அதில் ஒன்று தென்னாற்காடு. அந்த மாவட்டம் 1993-இல் பிரிந்து விழுப்புரம் ஆனது; 2019 நவம்பரில் அதிலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. தாத்தாவின் பத்திரத்தில் தென்னாற்காடு, அப்பாவின் சான்றிதழில் விழுப்புரம், பிள்ளையின் ஆதாரில் கள்ளக்குறிச்சி என்று இருக்கும். குடும்பம் அதே ஊரில்தான் இருந்தது, மாவட்டம்தான் மாறியது என்பதைக் காட்டும் ஆவணங்களை ஒரே பையில் வைத்திருப்பது நல்லது. பட்டியலில் இல்லாத ஈரோட்டின் பர்கூர் மலையில் அதே மலையாளி மக்கள் பழங்குடிச் சான்றிதழுக்காகப் போராடிவருவதைப் பார்த்தால் இந்தப் பையின் அருமை புரியும்.

அடுத்தது தமிழ்வழிச் சான்று. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை 2010 சட்டத்தில் வந்தது. 2020-இல் அதைத் திருத்தி, முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்றார்கள். மலைப் பிள்ளைகள் அனேகமாக எல்லாருமே தமிழ்வழிதான். ஆனால் தொடக்கப் பள்ளி சொந்த ஊரில், நடுநிலை உண்டு உறைவிடப் பள்ளியில், மேல்நிலை கச்சிராயபாளையத்திலோ சங்கராபுரத்திலோ என்று இருக்கும். ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியாகச் சான்று வாங்க வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு, தலைமையாசிரியர் விடுப்பில் இருக்கும் வாரமாகப் பார்த்து ஓடுவதைவிட, இன்றைக்கே போய் வாங்கிவைத்துவிடலாம். அப்படியே ஆதாரிலும் மதிப்பெண் பட்டியலிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அலைச்சல்தான்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தைப் பற்றி இன்னும் பழைய நம்பிக்கையோடு இருக்கும் பெற்றோர் பலர். பதிந்துவைத்தால் என்றாவது கார்டு வரும் என்று காத்திருப்பார்கள். காலியிடங்களை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது 1959 சட்டம். அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்று தனியார் யாரையும் அது கட்டாயப்படுத்தவில்லை. அரசுப் பணிகளுக்கும் அலுவலகப் பட்டியல் மட்டும் போதாது, பத்திரிகையிலும் விளம்பரம் செய்ய வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2023-இல் தமிழ்நாட்டில் பதிந்து காத்திருந்தவர்கள் 60 லட்சத்துக்கும் மேல். பதிவைப் புதுப்பியுங்கள், மூன்றாண்டுக்கு ஒருமுறைதானே. ஆனால் அதுவே வேலை தேடுவது ஆகிவிடாது. அந்த அலுவலகத்தில் எனக்குப் பிடித்தது தன்னார்வப் பயிலும் வட்டம். போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பு நடக்கும். அங்கே பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறவர்களும் பிற்பாடு உதவுவார்கள்.

மார்க் கிரானவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1970 வாக்கில் பாஸ்டன் அருகே நியூட்டனில் வேலையில் இருந்தவர்களிடம் அது எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். பாதிக்கு மேல் தெரிந்தவர்கள் மூலம் என்றார்கள். அதில் வியப்பில்லை. சொல்லிவிட்ட அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்ப்பதாகச் சொன்னவர்கள் மட்டும் ஆறில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு எப்போதாவது பார்க்கிற ஆள் சொல்லித்தான் வேலை வந்தது. அவர் கேட்டது அலுவலக வேலைக்காரர்களிடம் என்றாலும் கணக்கு கல்வராயனுக்கும் பொருந்துகிறது. ஒரே ஊரில் எல்லாருக்கும் எல்லாரும் உறவு. எல்லாருக்கும் தெரிந்தது அதே மேஸ்திரி. புதுச் செய்தி ஊருக்கு வெளியே இருக்கிறது. விடுதியில் கூடப் படித்து இப்போது ஓசூரில் இருக்கும் பையன், ஆரம்பச் சுகாதார நிலையத்து நர்ஸ் அக்கா, மாற்றலாகிப் போன கணக்கு வாத்தியார் – இவர்களின் எண்களைக் குறித்துவைத்து, மாதத்துக்கு ஒருமுறையாவது பேச வேண்டும். ‘வேலை இருக்கா சார்?’ என்று மொட்டையாகக் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். ‘உங்க பக்கம் எலெக்ட்ரீஷியன் படிச்சவங்களை எங்க எடுக்கறாங்க, யாரைப் பார்க்கணும்?’ என்று கேட்டால் ஒரு பெயராவது கிடைக்கும்.

குரூப் 4 பற்றிக் கேட்டு நிறையக் கடிதங்கள் வருவதால் ஒரு கணக்கு. 2024-இல் முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 20 லட்சம் பேர். பழங்குடியினருக்கான 1 சதவீதம் என்றால் மாநிலம் முழுவதுக்கும் அறுபது சொச்சம் இடம். எழுதவே வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பத்தாம் வகுப்பு போதும், பழங்குடியினருக்குத் தேர்வுக் கட்டணமும் கிடையாது, கட்டாயம் எழுதுங்கள். ஆனால் மூன்று முயற்சி, அல்லது இந்த வயது வரை என்று வீட்டில் பேசி ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள். எல்லையில்லாமல் படித்துக்கொண்டிருந்து இருபத்தொன்பது வயதில் முதல்முறையாக மேஸ்திரியின் வண்டியில் ஏறுகிறவர்களை எனக்குத் தெரியும்.

இந்தக் காத்திருப்பில் நேரத்தைப் பங்குபோடுவது மலையில் கடினமில்லை. கிழங்கும் கடுக்காயும் கையைப் பிடித்து வைத்திருக்கும் மாதங்களில் காகித வேலையும் தொலைபேசிப் பேச்சும். கை ஓய்ந்த மாதங்களில், அதாவது மேஸ்திரி வருவதற்குச் சற்று முன்னால், கீழே இறங்கி வேலைவாய்ப்பு முகாம், ஐடிஐ சேர்க்கை, நேர்காணல். உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் காலணித் தொழிற்சாலைக்காக 2023 ஏப்ரலில் தைவானின் பௌ சென் குழுமம் 2,302 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டது. 20,000 வேலை என்றது அறிவிப்பு. அது படிப்படியாக வருவது, ஒரே நாளில் வராது. அங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று யாராவது பணம் கேட்டால், கேட்கும்போதே ஆள் போலி என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு வருடம் மேஸ்திரியோடு போகத்தான் நேரலாம். வயிறு காத்திருக்காது. அப்படிப் போனால் முன்பணத் தொகை, தினக்கூலி, போகும் இடத்தின் முழு முகவரி, திரும்பும் தேதி ஆகிய நான்கையும் எழுதி, போட்டோ எடுத்து, ஊரில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். முன்பணத்தைக் காட்டி ஊருக்குப் போகவிடாமல் பிடித்துவைத்தால் அது கொத்தடிமை. 1976 சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. கட்டி முடித்தால்தான் வெளியே என்பதெல்லாம் வெறும் மிரட்டல். ஊரில் இருப்பவர்கள் அந்தத் தாளோடு கோட்டாட்சியரிடமோ கலெக்டரிடமோ மனு கொடுக்கலாம். மீட்ட பிறகு விடுவிப்புச் சான்றைக் கையில் வாங்காமல் ஊர் திரும்பக் கூடாது, நிவாரணப் பணத்துக்கு அதுதான் ஆதாரம்.

(அடுத்த வாரம்: ஐடிஐயா, டிப்ளமாவா?)