டிசம்பர் பூ கலர் சுவர்!

போன பொங்கலுக்குக் கூடத்தை மட்டும் டிசம்பர் பூ மாதிரி ஊதா கலந்த நீலத்தில் அடிக்க ஆசைப்பட்டேன். "நீலம் அடிச்சா கூடம் இருட்டிப் போயிடும்மா" என்றார் மாமியார். நான் கேட்கவில்லை. ஷேட் கார்டில் இத்தனூண்டு கட்டத்தைப் பார்த்து கலர் சொல்லிவிட்டு வந்தேன்.

நாலு சுவரும் அடித்து முடித்ததும் பக்கென்றது. கார்டில் மெல்லிசாகத் தெரிந்த நிறம், சுவரில் அடர்த்தியாக இருந்தது. எங்கள் கூடத்துக்கு ஒரே ஜன்னல். பகலிலேயே லைட் போட வேண்டியதாயிற்று. கண்ணில் புரை உள்ள மாமியார், நிலைப்படி தெரியாமல் தடுக்கி விழப் பார்த்தார். அப்போதும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

பெயின்டர் அண்ணன் வழி சொன்னார். மீதியிருந்த பெயின்டில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு வெள்ளை கலந்து, ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மட்டும் அடித்தார். மற்ற மூன்று சுவருக்கும் வெள்ளை, இரண்டு கோட். நிலைப்படிக்குப் பளிச்சென்று மஞ்சள். செலவு இரட்டிப்பானாலும் கூடம் வெளிச்சமாகிவிட்டது.

தோழிகளே, கார்டை நம்பி கலர் வாங்காதீர்கள். சின்ன டப்பா வாங்கி, பெரிய அட்டையில் இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். அதைச் சுவரில் சாய்த்து காலை, மதியம், ராத்திரி லைட் வெளிச்சம் என மூன்று வேளையும் பாருங்கள். மஞ்சள் பல்பில் இந்த நீலம் சாம்பல் பூத்தாற்போல் தெரியும். டியூப் லைட்டில் பளிச்சிடும்.

முக்கியமாக, அந்த வீட்டில் நடமாடும் வயதான கண்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள். இப்போது மாமியார் பூ கட்டுவது அந்த நீலச் சுவரோரம்தான்!

- ஒரு வாசகி, கும்பகோணம்