ஏற்கெனவே பிறந்துவிட்டவர்கள்

இந்திய மக்கள்தொகையில் உழைக்கும் வயதினரின் பங்கு 2041 வாக்கில் உச்சத்தைத் தொடும். 20 முதல் 59 வயது வரை உள்ளவர்கள் அப்போது மொத்த மக்களில் 59 சதவீதமாக இருப்பார்கள் என்று ஒன்றிய அரசின் 2018-19 பொருளாதார ஆய்வறிக்கை கணித்தது. அதன்பின் அந்தப் பங்கு இறங்கத் தொடங்கும்.

இந்தக் காலத்தின் பலனைப் பொருளியலாளர்கள் மக்கள்தொகை ஈவு என்கிறார்கள். உழைப்பவர்கள் அதிகமாகவும், அவர்களை நம்பி வாழும் குழந்தைகளும் முதியவர்களும் குறைவாகவும் இருக்கும் சில பத்தாண்டுகளில் ஒரு நாட்டுக்குக் கிடைக்கக்கூடிய கூடுதல் வளர்ச்சி அது. அது தானாகக் கிடைப்பதில்லை. அந்த வயதினருக்கு வேலை இருக்க வேண்டும். அந்த வேலை அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2041-இல் 20 வயதாக இருப்பவர் 2021-இல் பிறந்தவர். 59 வயதாக இருப்பவர் 1982-இல் பிறந்தவர். உச்ச ஆண்டின் தொழிலாளர்கள் அனைவரும் ஏற்கெனவே பிறந்துவிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பள்ளி வயதையும் கடந்துவிட்டார்கள். அவர்கள் எதைக் கற்றார்கள் என்பதை அறிய 2041 வரை காத்திருக்கத் தேவையில்லை.

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 2004-இல் பிறந்தவர்கள் ஏறத்தாழ அந்த ஆண்டில்தான் முதல் வகுப்பில் சேர்ந்தார்கள். 6 முதல் 14 வயது வரையிலான கிராமப்புறக் குழந்தைகளில் 96 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பள்ளிப் பதிவேட்டில் இருந்தார்கள். அன்றைய சட்டப்படி எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஒரே வகுப்பில் நிறுத்தி வைக்க முடியாதிருந்தது. எல்லோரும் ஆண்டுக்கு ஒரு வகுப்பு ஏறினார்கள்.

2014-இல் அவர்கள் ஐந்தாம் வகுப்பில் இருந்தார்கள். கிராமப்புறக் குழந்தைகளின் கற்றல் நிலையை வீடு வீடாகச் சென்று சோதிக்கும் ஏசர் ஆய்வு அந்த ஆண்டு எடுத்த கணக்கு இது. ஐந்தாம் வகுப்பில் இருந்தவர்களில் 48.1 சதவீதம் பேரால் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தது. 26.1 சதவீதம் பேரால் மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்க முடிந்தது. ஒரே வகுப்பில் நிறுத்தி வைப்பது இதற்குத் தீர்வாகியிருக்காது. ஆனால் பின்தங்கியவர் யார் என்று கண்டறிந்து அவருக்குத் தனியாகக் கற்பிக்கும் ஏற்பாடு பெரும்பாலான பள்ளிகளில் இல்லை. சில பள்ளிகளில் அதற்கு ஆளும் இல்லை. 2024-25 அரசுக் கணக்கின்படி 1,04,125 பள்ளிகள் ஓராசிரியர் பள்ளிகள். அவற்றில் 33.76 லட்சம் மாணவர்கள் படிக்கிறார்கள். அத்தகைய தொடக்கப் பள்ளியில் ஐந்து வகுப்புகளையும் ஒருவரே பார்த்துக்கொள்கிறார். அவர் விடுப்பு எடுத்தால் பாடம் நடப்பதில்லை.

பிற்பாடு வளர வளரச் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. 2023-இல் ஏசர் 26 மாநிலங்களில் 28 மாவட்டங்களைத் தேர்ந்து, 14 முதல் 18 வயது வரையிலான 34,745 பேரைச் சோதித்தது. அதாவது 2005 முதல் 2009 வரை பிறந்தவர்களை. நால்வரில் ஒருவரால் தன் மாநில மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றி வாசிக்க முடியவில்லை. அதே வகுத்தல் கணக்கை 43.3 சதவீதம் பேர் செய்தார்கள். வயிற்றுப்போக்குக்கான உப்பு–சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தின் மீதிருக்கும் குறிப்பை வாசித்து, அதிலிருந்து கேட்ட நான்கு கேள்விகளில் குறைந்தது மூன்றுக்குச் சரியாகப் பதில் சொன்னவர்கள், ஓரளவு வாசிக்கத் தெரிந்தவர்களிலேயே மூவரில் இருவர். தொழிற்பயிற்சி ஏதேனும் பெற்றுக்கொண்டிருந்தவர்கள் 5.6 சதவீதம்.

வகுத்தல் தெரியாத இளைஞருக்கு என்ன நடக்கிறது என்பதை எந்தப் பட்டறையிலும் பார்க்கலாம். ஃபிட்டர், டர்னர், வெல்டர் எவரும் வரைபடத்தை வாசித்துத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். வெர்னியர் காலிப்பரின் அளவை எடுக்கத் தசமம் தெரிய வேண்டும். வேதிப்பொருள் கலக்க விகிதம் தெரிய வேண்டும்.  தொழிற்பயிற்சி, அடிப்படைக் கணக்கு தெரிந்தவரை எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டது.

2015 ஜூலை 15 அன்று தேசியத் திறன் மேம்பாட்டு இயக்கம் தொடங்கப்பட்டது. 2022-க்குள் 40 கோடிப் பேருக்குப் பயிற்சி என்று அறிவிக்கப்பட்டது. 2015-ஆம் ஆண்டின் கொள்கை ஆவணம் ஓர் ஒப்பீட்டைத் தந்திருந்தது. முறையான தொழிற்பயிற்சி பெற்ற தொழிலாளர்கள் தென்கொரியாவில் 96 சதவீதம், ஜப்பானில் 80, ஜெர்மனியில் 75, இந்தியாவில் 4.69. நோயை அரசு சரியாகவே கண்டறிந்திருந்தது.

மருந்தாக வந்தது குறுகியகாலப் பயிற்சி. இயக்கத்தின் முதன்மைத் திட்டமான பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் ஒரு பயிற்சி 150 முதல் 300 மணி நேரம் வரை இருந்தது. நாளுக்கு எட்டு மணி நேரம் வைத்தால் அதிகபட்சம் 38 நாள். ஜெர்மனியில் ஒரு தொழில் பழகுநர் தொழிற்சாலையிலும் தொழிற்பள்ளியிலுமாகச் செலவிடும் காலம் இரண்டு முதல் மூன்றரை ஆண்டு. பயிற்சி மையங்களுக்கு ஆள் கணக்கில் பணம் தரப்பட்டது. எனவே ஆட்கள் சேர்க்கப்பட்டார்கள். எல்லோரும் எண்ணிக்கையைத் துரத்துகிறார்கள், வேலையும் கிடைக்கவில்லை, தொழில்துறையின் தேவையும் நிறைவேறவில்லை என்று அரசே அமைத்த சாரதா பிரசாத் குழு சொன்னது. திட்டம் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அதே முறையில் நடந்தது.

2015 முதல் 2022 வரையிலான அதன் செயல்பாட்டைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஆய்வு செய்தார். அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. குறுகியகாலப் பயிற்சியில் சான்றிதழ் பெற்றவர்கள் சுமார் 56 லட்சம். வேலையில் அமர்த்தப்பட்டதாகக் காட்டப்பட்டவர்கள் சுமார் 23 லட்சம். இது 41 சதவீதம். இந்த 56 லட்சம் பேர் போக, திட்டத்தில் சான்றிதழ் பெற்ற மற்றவர்களில் பெரும்பகுதியினர் புதிதாக எதையும் கற்றவர்கள் அல்லர். ஏற்கெனவே ஒரு தொழிலைச் செய்துகொண்டிருப்பவர்களுக்குச் சில மணி நேர அறிமுகம் கொடுத்து, சோதித்து, சான்றிதழ் அளிக்கும் பிரிவில் வந்தவர்கள். தணிக்கையாளர் பார்த்த 95.9 லட்சம் பதிவுகளில் 90 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றில் வங்கிக் கணக்கு எண் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகவோ பூஜ்யமாகவோ இருந்தது. எஞ்சியவற்றிலும் சிலவற்றில் ஒரே கணக்கு எண் பலர் பெயரில் இருந்தது.

வங்கிக் கணக்கே பதிவாகாத ஒருவருக்கு ஊக்கத்தொகை போய்ச் சேர்ந்ததா, அவர் பயிற்சிக்கு வந்தாரா, அப்படி ஒருவர் இருக்கிறாரா என்பதைப் பதிவேட்டிலிருந்து சொல்ல முடியாது. ஏழு ஆண்டுகள் போயின. அந்த ஏழு ஆண்டுகளில் 2004-இல் பிறந்தவர்களுக்கு 11 வயதிலிருந்து 18 வயது ஆனது.

2024 பட்ஜெட்டில் வேறொரு வழி அறிவிக்கப்பட்டது. முன்னணி 500 நிறுவனங்களில், ஐந்து ஆண்டுகளில், ஒரு கோடி இளைஞர்களுக்கு 12 மாதப் பணியனுபவம். மாத உதவித்தொகை 5,000 ரூபாய். முதல் சுற்றில் சுமார் 1.27 லட்சம் இடங்கள் இருந்தன. 82,000 அழைப்புகள் அனுப்பப்பட்டன. 28,000 பேர் ஏற்றார்கள். சேர்ந்தவர்கள் சுமார் 8,700. வேறு ஊரில் அறை எடுத்துத் தங்கி, 5,000 ரூபாயில் ஓராண்டு ஓட்டுவது எல்லாக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் எட்டக்கூடியதல்ல.

பயிற்சியை விட்டுப் பட்டத்தைப் பிடித்தவர்களின் நிலை வேறு வகையில் மோசம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே வேலையின்மை 3.4 சதவீதம். பட்டதாரி இளைஞர்களிடையே 29.1 சதவீதம். வேலையில்லாமல் காத்திருக்க ஏழைக்கு வசதியில்லை. கிடைத்ததைச் செய்கிறார். கடன் வாங்கிப் படித்தவர் காத்திருக்கிறார். அதே அறிக்கையில் இன்னொரு வரி: இளைஞர்களில் 75 சதவீதம் பேருக்குக் கோப்பு இணைத்து மின்னஞ்சல் அனுப்பத் தெரியவில்லை.

அவர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்பது 2022 ஜனவரியில் பீகாரில் தெரிந்தது. ரயில்வேயில் சுமார் 35,000 இடங்கள், விண்ணப்பங்கள் 1.25 கோடி. 2019-இல் வெளியான அறிவிப்புக்கான தேர்வு மூன்றாண்டாக முடியவில்லை. தேர்வர்களின் போராட்டத்தில் கயாவில் ரயில் பெட்டிகள் எரிந்தன. 2024-இல் உத்தரப் பிரதேசக் காவலர் தேர்வில் 60,244 இடங்களுக்கு 48 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். வினாத்தாள் கசிந்து தேர்வே ரத்தானது.

எங்கும் இடம் கிடைக்காதவர்களில் பலர் வயலுக்குத் திரும்பினார்கள். வேளாண்மையில் இருக்கும் தொழிலாளர்களின் பங்கு 2018-19-இல் 42.5 சதவீதம். 2023-24-இல் 46.1. நாட்டின் உற்பத்தி மதிப்பில் வேளாண்மையின் பங்கு சுமார் 18 சதவீதம்தான். வளரும் நாடு ஒன்றில் தொழிலாளர்கள் வயலிலிருந்து ஆலைக்குப் போவார்கள் என்பதே பொருளாதார வரலாற்றின் வழக்கம். இங்கே ஐந்து ஆண்டுகளில் ஓட்டம் எதிர்த்திசையில் இருந்தது. பெருந்தொற்று முடிந்த பின்னும் வேளாண்மையில் இருப்பவர்களின் பங்கு பழைய அளவுக்கு இறங்கவில்லை. 2023-24 பொருளாதார ஆய்வறிக்கையின் கணக்குப்படி, 2030 வரை ஆண்டுக்கு 78.5 லட்சம் வேளாண்மை சாராத வேலைகள் உருவாக வேண்டும்.

தென்கொரியா இந்த இடத்தை எப்படிக் கடந்தது என்பதில் வரிசை முக்கியம். கொரியப் போர் 1953-இல் முடிந்தது. 1959-க்குள் தொடக்கப் பள்ளி வயதுக் குழந்தைகளில் 96 சதவீதம் பேர் பள்ளியில் இருந்தார்கள். தொழிற்பயிற்சிச் சட்டம் 1967-இல் வந்தது. நடுநிலைப் பள்ளியில் சேர்வதற்கான நுழைவுத் தேர்வு 1969 முதல் படிப்படியாக நீக்கப்பட்டது. 1970-களின் நடுவில், பெரிய நிறுவனங்கள் தம் தொழிலாளர்களுக்குத் தாமே பயிற்சி தர வேண்டும் அல்லது வரி கட்ட வேண்டும் என்று சட்டமானது. முதலில் எல்லோருக்கும் வாசிப்பும் கணக்கும், பிறகு தொழில், அந்தத் தொழிலைக் கற்பிக்கும் பொறுப்பு அந்தத் தொழிலால் லாபம் பெறுபவரிடம். கொரியாவின் உழைக்கும் வயதினர் பங்கு 2010-களில் உச்சம் தொட்டு இறங்கிவிட்டது. 2023-இல் அங்கே கருவள விகிதம் 0.72. இறங்குவதற்கு முன் அது பணக்கார நாடாகியிருந்தது.

இந்தியாவில் இதற்கான செலவைக் கோத்தாரி குழு 1966-இலேயே கணக்கிட்டுச் சொன்னது. 1985-86-க்குள் தேசிய வருமானத்தில் 6 சதவீதம் கல்விக்கு. 1968, 1986, 2020 ஆகிய மூன்று கல்விக் கொள்கைகளும் அதே 6 சதவீதத்தை மறுபடி எழுதின. எந்த ஆண்டும் அது எட்டப்படவில்லை. 2025-இல் ஆயிரம் ஐ.டி.ஐ.களைப் புதுப்பிக்க 60,000 கோடி ரூபாயில் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தரப்பட்டது. தேவையான திட்டம்தான். அந்த ஐ.டி.ஐ.களில் சேரப்போகிறவர்கள் வகுத்தல் தெரிந்து வர வேண்டும் என்பது அந்தத் தொகைக்குள் அடங்காது.

தமிழ்நாட்டுக்கு 2041 வரை அவகாசமில்லை. ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை இங்கே 2020-லேயே 1.4 ஆகிவிட்டது. மக்கள்தொகை நிலையாக இருக்க 2.1 வேண்டும். கல்லூரிச் சேர்க்கையில் மாநிலம் முன்னே நிற்கிறது: 2021-22-இல் 47 சதவீதம், நாட்டின் சராசரி 28.4. கீழ் வகுப்புகளின் கதை அப்படியில்லை. கிராமப்புறத்தில் ஐந்தாம் வகுப்பில் இருந்தவர்களில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தவர்கள் 2018-இல் 40.7 சதவீதம். 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்று திறந்தன. 2022-இல் அந்த விகிதம் 25.2. மாநில அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டமும் எண்ணும் எழுத்தும் திட்டமும் வந்தபின், 2024-இல் இழந்ததில் ஒரு பகுதி மீண்டது. ஆனால் 2022-இல் ஐந்தாம் வகுப்பில் இருந்தவர்கள் அதற்குள் அந்த வகுப்பைக் கடந்து போய்விட்டார்கள்.

அவர்களுக்கு 2036-இல் வயது 24 ஆகும். அந்த ஆண்டில் தமிழ்நாட்டு மக்களில் 20.8 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்திருப்பார்கள் என்பது ஒன்றிய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு. முதியோர் உதவித்தொகையில் ஒன்றிய அரசின் பங்கு, 80 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, மாதம் 200 ரூபாய். 2007-க்குப் பிறகு அது உயரவில்லை. தமிழ்நாடு தன் பணத்தைச் சேர்த்து 2023-இல் அதை 1,200 ரூபாய் ஆக்கியது. அந்தப் பணம் மாநிலத்தின் வரியிலிருந்து வருகிறது. வரி, வேலையில் இருப்பவர்கள் சம்பாதிப்பதிலிருந்தும் செலவழிப்பதிலிருந்தும் வருகிறது.