அம்மாவுடன் கார்க் நகரில்... அவசரம் வேண்டாமே!

உயரமான ஒரு தேவாலயக் கோபுரம். அதன் நான்கு பக்கங்களிலும் கடிகாரம். ஒரு பக்கம் காட்டும் நேரத்தை இன்னொரு பக்கம் காட்டாது. முழு மணி அடிக்கும்போது மட்டும் நான்கும் ஒத்துப்போகும் என்பார்கள். 1847-ல் வைக்கப்பட்ட இந்தக் கடிகாரத்துக்கு ஊர்க்காரர்கள் சூட்டிய செல்லப்பெயர், ‘நான்கு முகப் பொய்யன்’!

அயர்லாந்து குடியரசில் டப்ளினுக்கு அடுத்த பெரிய நகரமான கார்க்கின் அடையாளம் இந்த ஷாண்டன் கோபுரம். வயதான அம்மாவையோ அப்பாவையோ அழைத்துக்கொண்டு ஊர் சுற்ற வருபவர்களுக்கு இது நல்ல சகுனம்தான். கடிகாரமே அவசரப்படாத ஊரில் மனிதர்கள் ஏன் ஓட வேண்டும்?

நர்ஸ் வேலை, ஐ.டி. வேலை என்று இந்தியாவிலிருந்து அயர்லாந்துக்குப் போனவர்கள் இன்று ஏராளம். அவர்களைப் பார்க்க வரும் பெற்றோரை எங்கே அழைத்துப் போவது என்ற கேள்விக்கு, கார்க் ஓர் அருமையான பதில்.

சதுப்பில் எழுந்த ஊர்

‘கார்க்’ என்ற பெயருக்கு ஐரிஷ் மொழியில் சதுப்பு நிலம் என்று அர்த்தம். லீ ஆறு இரண்டாகப் பிரிந்து ஓட, நடுவே உள்ள தீவில்தான் நகரின் மையப்பகுதி இருக்கிறது. கடைவீதியான செயின்ட் பேட்ரிக் தெரு வளைந்து வளைந்து போவதற்கும் காரணம் உண்டு. ஒருகாலத்தில் படகுகள் போன கால்வாயை மூடி, அதன்மேல் போட்ட தெரு அது.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம்: தீவுப் பகுதி முழுக்கச் சமதளம். ஆற்றைத் தாண்டினால் வடக்கிலும் தெற்கிலும் ஏற்றம். அதனால் தீவுக்குள் நடந்து பாருங்கள்; மேட்டுக்கு டாக்ஸியில் போங்கள்.

அம்மாக்கள் நகர மறுக்கும் மார்க்கெட்

1788-ல் தொடங்கிய ‘இங்கிலீஷ் மார்க்கெட்’டுக்குள் நுழைந்தால், அம்மாக்களை வெளியே கூட்டிவருவது கஷ்டம். கூரை போட்ட சந்தை. மீன், இறைச்சி, சீஸ், ரொட்டி, பழம் என்று வரிசையாகக் கடைகள். இங்கே குடலும், ரத்தத்தில் செய்யும் ‘டிரிஷீன்’ என்ற உணவும் பழங்கால ஸ்பெஷல். குடல் குழம்பும் ரத்தப் பொரியலும் சமைத்த கைகளுக்கு இது அந்நிய ஊராகவே தெரியாது.

இன்னொரு அதிசயம், வெண்ணெய் தடவிய முட்டை. கோழி இட்ட சூட்டோடு முட்டை ஓட்டில் வெண்ணெயைத் தேய்த்துவிடுவார்கள். ஓட்டின் நுண்துளைகள் அடைபட்டு, ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் முட்டை நாள்பட இருக்க உதவியது. வெண்ணெய்க்கு இங்கே பஞ்சமே இல்லை. 19-ம் நூற்றாண்டில் உலகின் மிகப்பெரிய வெண்ணெய்ச் சந்தை கார்க்கில்தான் இருந்தது.

களைப்பாக இருந்தால் ஒரு டீ. பால் விட்ட ஸ்ட்ராங் டீதான் ஐரிஷ்காரர்களின் பானம். 1901-ல் இந்த ஊரில் தொடங்கிய ‘பேரிஸ்’ டீ, நாடு முழுக்கப் பிரபலம்.

கயிற்றை இழுங்கள், மணி அடியுங்கள்

ஷாண்டன் கோபுரத்தின் உச்சிக்குப் போக 132 படிகள். போகப் போகக் குறுகலாகும். ஆனால், மணியடிக்கும் கயிறுகள் முதல் மாடியிலேயே இருக்கின்றன. அதுவரை ஏறினால் போதும். 1750-ல் வார்க்கப்பட்ட எட்டு மணிகளை, எண் போட்ட அட்டையைப் பார்த்து யார் வேண்டுமானாலும் இசைக்கலாம். அம்மா இழுக்கும் கயிற்றுக்கு ஊரே காது கொடுக்கும்!

சரித்திரப் பிரியரான அப்பாக்களுக்கு நகர மன்றக் கட்டடம். 1920 டிசம்பர் 11 இரவு பிரிட்டிஷ் படையினர் வைத்த தீயில், பழைய நகர மன்றமும் நூலகமும் எரிந்தன. அதே ஆண்டில்தான் இந்த ஊர் மேயர் டெரன்ஸ் மெக்ஸ்வினி, லண்டன் சிறையில் 74 நாள் உண்ணாவிரதம் இருந்து உயிர் துறந்தார். 1929-ல் லாகூர் சிறையில் 63 நாள் உண்ணாவிரதம் இருந்து ஜதீன் தாஸ் இறந்தபோது, மெக்ஸ்வினி குடும்பத்திலிருந்து இந்தியாவுக்கு இரங்கல் தந்தி வந்தது.

பிரிவின் துறைமுகம்

அடுத்த நாளைக் கோவ் துறைமுகத்துக்கு ஒதுக்குங்கள். கார்க்கிலிருந்து ரயிலில் சுமார் 25 நிமிடம். டைட்டானிக் கப்பல் கடைசியாக நின்ற துறைமுகம் இது. 1912 ஏப்ரல் 11 அன்று இங்கே 123 பேர் அந்தக் கப்பலில் ஏறினார்கள்.

ஆனால், கோவின் பெரிய கதை அதுவல்ல. 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியதால் வந்த பஞ்சத்தில், சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். பிழைத்தவர்கள் கப்பல் ஏறினார்கள். 1848-லிருந்து 1950 வரை அயர்லாந்தை விட்டுப் போனவர்கள் சுமார் 60 லட்சம் பேர். அவர்களில் 25 லட்சம் பேர் இந்த ஒரு துறைமுகம் வழியாகவே போனார்கள்.

மகனோ மகளோ அமெரிக்கா கிளம்பும் முந்தைய இரவு, வீட்டில் உறவும் ஊரும் கூடும். விடிய விடியப் பாட்டு, ஆட்டம், நடுநடுவே அழுகை. அதற்குப் பெயர் ‘அமெரிக்க இழவு’. உயிரோடு இருக்கும் பிள்ளைக்கு இழவா? ஆம். இனி அந்த முகத்தைப் பார்க்கவே முடியாது என்று பெற்றவர்களுக்குத் தெரியும். பலருக்கு அதன்பின் கடிதம் மட்டும்தான் வந்தது.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே, கரையோரம் ஒரு சிலை இருக்கிறது. 17 வயது ஆனி மூர், இரண்டு தம்பிகளுடன் நிற்கிறாள். 1891 டிசம்பரில் இங்கே கப்பல் ஏறி, 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க்கின் எல்லிஸ் தீவு குடியேற்ற நிலையத்தில் முதல் ஆளாக இறங்கியவள். முன்பே அங்கே போய்விட்ட அப்பா, அம்மாவிடம் சேர்வதற்காகத்தான் அந்தப் பயணம்.

மறக்காதீர்கள்

* ஜூன் மாதத்தில் இரவு 10 மணி வரை வெளிச்சம் இருக்கும். காலையில் ஓர் இடம், மாலையில் ஓர் இடம் போதும்.
* மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. காற்றில் குடை நிற்காது; தொப்பி வைத்த மழைக்கோட்டு நல்லது.
* வழுக்காத ஷூ, முழுப் பயணத்துக்கும் தேவையான மாத்திரைகள், டாக்டர் சீட்டு, பயண இன்ஷூரன்ஸ் அவசியம்.
* கோவ் பேராலயத்துக்குப் போகும் வழி செங்குத்தான ஏற்றம். முடியாவிட்டால் கீழிருந்தே பாருங்கள், அழகு குறையாது.

கடைசியாக ஒன்று. கோவ் கரையில் ஒரு பெஞ்சில் உட்காருங்கள். “நான் கிளம்பின அன்னைக்கு ராத்திரி நீ தூங்கினியாம்மா?” என்று கேளுங்கள். ஏர்போர்ட்டில் சிரித்தபடி கையசைத்தவர், அன்று சொல்லாததை இங்கே சொல்லக்கூடும். கார்க்குக்குத் திரும்ப அடுத்தடுத்து ரயில் உண்டு. ஒன்றை விட்டாலும் பரவாயில்லை.