சாகாவின் பின்சக்கரம்: டிரம் போய் டிஸ்க் வந்த கதை

கிள்ளானுக்கு அடுத்த ஷா ஆலாமில் தயாராகி, 1985 ஜூலை 9 அன்று அறிமுகமானது புரோட்டோன் சாகா, மலேசியாவின் முதல் தேசியக் கார். முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம்.

பிரேக்கை மிதித்ததும் காரின் பாரம் முன்னே சாய்கிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரங்களுக்கே. அன்றைய சிறிய எஞ்சினுக்கு டிரம் போதும். ஆர்வலர்கள் வலுவான எஞ்சினைப் பூட்டிய பிறகுதான் சிக்கல்: அடுத்தடுத்து மிதித்தால் டிரம்முக்குள் சூடு தேங்கிப் பிடிப்பு தளரும். காற்றில் திறந்து சுழலும் டிஸ்க் சீக்கிரம் ஆறும், நம் மழையில் நனைந்தாலும் விரைவில் உலரும். நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் கொண்ட சத்ரியா ஜிடிஐ போன்ற கார்களின் பின்பக்கப் பாகங்களைப் பழைய புரோட்டோன் பிரியர்கள் தேடுவது இதற்காகவே.

மாட்டுவது எளிது, சமன் செய்வதில்தான் மெக்கானிக்கின் திறமை. முன்சக்கரத்துக்கு முந்திப் பின்சக்கரம் இறுகி நின்றால் காரின் வால் சுழன்றுவிடும். எனவே பின்பக்க அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வைச் சரிபார்த்தே தீரவேண்டும். டிரம்மோடு ஹேண்ட்பிரேக்கும் கழன்றுவிடுவதால், டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பரில் கேபிள் இழுக்கும் நெம்புகோல் இருந்தால் இங்கே பொருந்தும்.