புகை அளக்கும் கருவி பொய் சொல்லுமா?

நெல் அவிக்கும் கொதிகலனின் புகைபோக்கியிலே குழாயைச் செருகி, ஒட்சிசனும் காபனோரொட்சைட்டும் எவ்வளவு என்று இலக்கத்திற் காட்டும் கைக்கருவிகள் உண்டு. காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. ஆனால் ஆளைக் கொல்லும். உமி அடுப்படியில் நிற்பவருக்கு அந்த இலக்கந்தான் துணை.

இயக்கியவுடன் உறிஞ்சும் காற்றையே இக்கருவிகளிற் பல சுத்தமான காற்றென்று எடுத்துக்கொள்ளும்: ஒட்சிசன் 20.9 வீதம், காபனோரொட்சைட்டு பூச்சியம். புகை மண்டிய கொட்டிலுக்குள் இயக்கினால்? அங்கே மில்லியனில் 30 பங்கு நஞ்சிருந்தால் அதுவே பூச்சியமாகிவிடும். பிறகு 50 உள்ள இடத்திலும் 20 என்றே காட்டும். ஆகவே வெளியே வெட்டையில், உழவு இயந்திரப் புகையும் படாத இடத்தில் இயக்கவேண்டும். சிலர் கொட்டில் வாசலிலேயே நின்று இயக்குவார்கள், அது போதாது.

குழாயின் நுனியை விரலால் அடைத்தால் மோட்டர் திணறவேண்டும். திணறாவிட்டால் எங்கோ ஓட்டை. வெளிக்காற்றுப் புகுந்து நஞ்சைக் குறைத்துக் காட்டும்.

இவை சரியென்றாலும், உள்ளேயிருக்கும் உணரி நாட்போக்கிற் சோர்ந்துபோகும். அளவு தெரிந்த வாயுவுள்ள சிலிண்டரை மாட்டிப் பார்க்கவேண்டும். சிலிண்டரில் 100 என்றிருக்க, கருவி 80 காட்டினால் திருத்தவேண்டும். வருடத்துக்கொரு முறையாவது இதைச் செய்வது வழக்கம். உங்கள் மில்லை அளக்க வருபவரிடம் கடைசியாகத் திருத்திய திகதியைக் கேளுங்கள். கேட்பதிற் கூச்சம் வேண்டாம்.